வரம்புக்குள் இருப்பதும் தீங்கற்றிருப்பதும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றில் கலந்துள்ள நுண்துகள்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். பலரும் கண்டுகொள்ளாத இந்தப் பொருளுக்குத் தாங்கள் இடம் ஒதுக்குவதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அச்செய்திகளில் பெரும்பாலானவை ‘துகள்களின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. அதைப் படிப்பவர் நிம்மதியாகச் சன்னலைத் திறந்து வைக்கிறார்; இளைப்பு நோயுள்ள குழந்தையை வெளியே விளையாட அனுப்புகிறார். அது எந்த நாட்டின் வரம்பு, எத்தனை மணி நேரச் சராசரிக்கான வரம்பு, வகுத்தவர்கள் எதையெல்லாம் கணக்கில் கொண்டு அதை வகுத்தார்கள் என்ற மூன்றும் தெரியாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். காற்று மாதிரி படிந்த வடிகட்டித் தாள்களை எடைபோட்டுப் பதிவு செய்யும் ஆய்வக வேலையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன். பி.எம். 2.5 என்று குறிப்பிடப்படுபவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டம் கொண்ட துகள்கள். தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும் கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் காற்றை உறிஞ்சி, பருமனான துகள்களை வழியிலேயே தடுத்துவிட்டு, நுண்துகள்களை மட்டும் தாளில் படியவிடும். ஒரு நாள் முழுவதும் ஓடினால் 24 கனமீட்டர் காற்று அதன் வழியே சென்றிருக்கும். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் துகள் உள்ள காற்றாக இருந்தால் தாளின் எடை 1.44 மில்லிகிராம் கூடும்; 5 மைக்ரோகிராம் உள்ள காற்றாக இருந்தால் 0.12 மில்லிகிராம்தான் கூடும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிடிக்க, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசும் அதிர்வில்லாத மேடையும் வேண்டும். தாளில் தங்கிய நிலைமின்னூட்டத்தைப் போக்கிய பிறகே அதைத் தட்டில் வைக்க வேண்டும்.

இவை எல்லாம் இருந்தாலும் எடை முழுமையாக நம் கைக்குள் வந்துவிடாது. அமெரிக்க விதிப்படி வடிகட்டித் தாளை 30 முதல் 40 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் வைத்திருந்து எடைபோட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி அந்த அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். துகள்களில் கணிசமான பங்கு அம்மோனியம் சல்பேட்டு, அம்மோனியம் நைட்ரேட்டு போன்ற உப்புகள். ஈரத்தை உறிஞ்சும் தன்மை அவற்றுக்கு உண்டு. ஆகவே ஒரே காற்றிலிருந்து ஒரே நாளில் எடுத்த இரண்டு தாள்கள், எடைபோடும் அறையின் விதி மாறிய ஒரே காரணத்தால் சற்றே வேறுபட்ட எடையைக் காட்டக்கூடும். மாதிரியைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கும் தானியங்கிக் கருவிகளிலோ, அம்மோனியம் நைட்ரேட்டின் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். இந்த வேறுபாடுகள் மிகப் பெரியவை அல்ல. அளவீடு வீண் என்று நான் சொல்லவும் இல்லை. எடை போடுவதற்கே வட்டாரத்துக்கு வட்டாரம் விதி மாறும்போது, அந்த எடையின் மீது எழுப்பப்படும் வரம்பு எவ்வளவு மாறும் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

அந்த மாற்றத்தின் அகலத்தைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் யாவும் கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில். உலக சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்டுச் சராசரி 10 என்று இருந்தது. 2021 செப்டம்பரில் அதை 5 ஆகக் குறைத்தது. 24 மணி நேரச் சராசரிக்கு 15 என்று வைத்து, ஆண்டில் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் அதைத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்கா 1997-இல் முதன்முதலாக நுண்துகளுக்குத் தனி வரம்பு வகுத்தபோது ஆண்டுச் சராசரியை 15 என்று வைத்தது. 2012-இல் அது 12 ஆகி, 2024-இல் 9 என அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் 25, 2020 முதல் 20. 2024-இல் நிறைவேறிய புதிய ஆணை 2030-க்குள் 10 என்கிறது. சப்பானில் 15. மலேசியாவில் 2020 முதல் 15, சிங்கப்பூரில் 12, இலங்கையில் 25, இந்தியாவில் 2009 முதல் 40. உலக சுகாதார நிறுவனம், உடனடியாக 5-ஐ எட்ட முடியாத நாடுகளுக்காக 35, 25, 15, 10 என்று நான்கு இடைக்கால இலக்குகளையும் வைத்திருக்கிறது. 40 என்பது அந்தப் படிகளில் முதலாவதற்கும் வெளியே நிற்கிறது.

ஆக, கனமீட்டருக்கு 38 மைக்ரோகிராம் என்ற ஆண்டுச் சராசரி ஓரிடத்தில் ‘வரம்புக்குள்’. இன்னோரிடத்தில் வரம்பைப் போல் நான்கு மடங்கு. மனித நுரையீரல் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1993-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஆறு நகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, ஆர்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு அது. புகைபிடித்தல் போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், மிக மாசடைந்த நகரத்தில் இறப்பு வீதம் மிகத் தூய நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலகம் முழுவதும் நுண்துகளுக்குத் தனி வரம்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று அதில் இருக்கிறது. அந்த ஆறில் மிக மாசடைந்ததாகக் கருதப்பட்ட ஒகையோ மாநிலத்து இசுட்யூபன்வில் நகரத்தின் நுண்துகள் சராசரி 29.6, மிகத் தூயதாகக் கருதப்பட்ட விசுகான்சின் மாநிலத்துப் போர்ட்டேச் நகரத்தின் சராசரி 11. அதாவது, துகள்களால் மனிதர் முன்கூட்டியே இறக்கிறார்கள் என்பதை உலகுக்குக் காட்டிய அந்த நகரத்தின் காற்று, 35 அல்லது 40 என்று வரம்பு வைத்திருக்கும் நாடுகளில் இன்று அளக்கப்பட்டால் ‘வரம்புக்குள்’ என்றே செய்தியாகும். அன்று தூய்மைக்கு எடுத்துக்காட்டாக நின்ற ஊரோ, இன்றைய வழிகாட்டுதலின் இரு மடங்குக்கும் மேலான துகளைச் சுவாசித்துக்கொண்டிருந்தது. இதைப் படித்த பிறகு ‘வரம்புக்குள்’ என்ற சொல்லை என்னால் முன்போல எளிதாக எழுத முடிந்ததில்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தன. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த 6 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அப்போதைய வரம்பான 12-க்குக் கீழேயும் இறப்பு அபாயம் தொடர்வதைக் கண்டது. அளவு குறையக் குறைய அபாயம் ஒரு புள்ளியில் நின்றுவிடவில்லை. மாறாக, கீழ் அளவுகளில் ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் கூடும் அபாயம் மேல் அளவுகளில் கூடுவதைவிட அதிகமாகவே தெரிந்தது. அதற்கு முன்பே, 2013-இல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளிக்காற்றின் துகள்மாசைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதற்குக் கீழே போனால் தீங்கில்லை என்று கைகாட்டக்கூடிய அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படியிருக்க வரம்பு என்பது தீங்கு தொடங்கும் கோடு அல்ல. ஒரு சமூகம் இப்போதைக்கு எவ்வளவு தீங்கைப் பொறுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறது என்பதன் பதிவு. அமெரிக்கச் சட்டம், வரம்பை வகுக்கும்போது செலவைப் பார்க்கக் கூடாது, மக்கள் நலனை மட்டுமே பார்க்க வேண்டும் என்று கூறுவதாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. பல நாடுகளில் தொழில்நுட்பம், செலவு, நிர்வாகத் திறன் எல்லாம் சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அப்படித் தீர்மானிப்பதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் செலவையும் சேர்த்து வகுத்த ஓர் எண்ணை, நலத்தை மட்டும் பார்த்து வகுத்த எண்ணைப் போல வாசகருக்குக் கொடுப்பது சரியல்ல.

அடுத்தது, சராசரி. செய்திகளில் மிகுதியாக விடுபட்டுப் போவது இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வகுத்த ஆணையில் நுண்துகளுக்கு ஆண்டு வரம்பு மட்டுமே இருந்தது. நாள் வரம்பு இல்லை. ஆண்டில் 300 நாட்கள் 10 மைக்ரோகிராமும், குளிர்காலத்து 65 நாட்கள் 66 மைக்ரோகிராமும் இருந்த ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். கூட்டி வகுத்தால் 20-க்குச் சற்றுக் கீழே வரும், ஊர் வரம்புக்குள். அந்த 65 நாட்களில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு இந்தச் சராசரி எதையும் சொல்லாது. புதிய ஆணையில் 25 என்ற நாள் வரம்பு சேர்க்கப்பட்டு, ஆண்டில் 18 நாட்களுக்கு மேல் அதைத் தாண்டக் கூடாது என்று வைக்கப்பட்டிருப்பது இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி. நாள் சராசரியும் முழு உண்மையைச் சொல்வதில்லை: 20 மணி நேரம் 40, மீதி 4 மணி நேரம் 160 என்று இருந்தால் சராசரி சரியாக 60. அந்த நான்கு மணி நேரம் விடியற்காலையாக இருந்துவிட்டால், நடைப்பயிற்சிக்குப் போனவரும் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளையும் சுவாசித்தது 160-ஐத்தான்.

நாள் வரம்பை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதிலும் விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் நாள் வரம்பு 35. ஆனால் ஆண்டின் மிக மோசமான 2 சதவீத நாட்கள், அதாவது ஏறத்தாழ ஏழு நாட்கள், ஒப்பீட்டில் சேர்வதில்லை. மீதியையும் மூன்று ஆண்டுச் சராசரியாகவே பார்ப்பார்கள். இந்தியாவின் நாள் வரம்பு 60. அதிலும் ஆண்டின் 98 சதவீத நேரம் அதைக் கடைப்பிடித்தால் போதும், எஞ்சிய 2 சதவீதத்தில் தாண்டலாம், ஆனால் அடுத்தடுத்த இரு நாட்கள் தாண்டக் கூடாது. காட்டுத்தீப் புகை போன்ற அசாதாரண நிகழ்வுகளின் நாட்களைத் தக்க சான்று காட்டிக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ள அமெரிக்க விதி இடம் தருகிறது. பாலைவனத் தூசி, கடல் உப்பு போன்ற இயற்கைப் பங்கைக் கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது. நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக ஓர் ஊரைத் தண்டிக்கக் கூடாது என்ற அளவில் இது நியாயமான ஏற்பாடுதான். 2023 சூன் மாதம் கனடாவின் காட்டுத்தீப் புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து நியூயார்க்கு வானத்தைச் செம்மஞ்சளாக்கியபோது, அந்நகர நிர்வாகம் அதை நிறுத்தியிருக்க முடியாது. ஆனாலும் அந்த நாட்களில் அங்கிருந்தவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். சட்டக் கணக்குக்காகக் கழித்த எண்ணைச் செய்தியிலும் கழித்துவிடலாகாது.

இன்னொரு வகைப் பிரிவினை எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. சீனா 2012-இல் வகுத்த தரநிலையில் இயற்கைக் காப்பிடங்கள் போன்ற முதல் வகைப் பகுதிகளுக்கு ஆண்டு வரம்பு 15. மக்கள் குடியிருக்கும் பகுதிகளும் தொழிற்பகுதிகளும் அடங்கிய இரண்டாம் வகைக்கு 35. மனிதர் மிகுதியாக வாழும் இடத்துக்குத்தான் தளர்ந்த எண். இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுத் தரநிலையும் தொழிற்பகுதிக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று, உணர்திறன் மிக்க பகுதிக்கு ஒன்று என்று பிரித்தே வைத்திருந்தது. 2009-இல் தொழிற்பகுதிக்கும் குடியிருப்புக்கும் ஒரே எண் என்று மாற்றியது வரவேற்கத்தக்க திருத்தம். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் ஒருவரின் உடல் கூடுதல் துகளைத் தாங்கிக்கொள்ளும் என்று யாராலும் நிறுவ முடியாது.

வட்டார வரம்புகள் சந்திக்கும் பெரிய தடை, துகள்கள் வட்டார எல்லையை அறியாதவை என்பதுதான். எரிபொருள் எரியும்போது நேரடியாக வெளிவரும் புகைக்கரி ஒரு பங்குதான். அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடும், வாகனங்களின் நைட்ரசன் ஆக்சைடுகளும், வயல் உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியாவும் காற்றிலேயே வினைபுரிந்து துகளாக மாறுகின்றன. அப்படி உருவானவை நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் மிதந்து நெடுந்தூரம் செல்கின்றன. ஆதலால் ஓர் ஊர் தன் எல்லைக்குள் எல்லாவற்றையும் சரி செய்தாலும் தன் வரம்பை எட்ட முடியாமல் போகலாம். எல்லை கடந்து செல்லும் காற்று மாசு பற்றி ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகள் 1979-இலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் கீழ் வந்த கோத்தன்பர்க்கு நெறிமுறை, 2012-இல் திருத்தப்பட்டபோது நுண்துகளையும் அதற்குள் கொண்டுவந்தது. காற்றோட்டத்தின் எல்லையை ஒட்டி இப்படி ஒப்பந்தம் இருக்கும் இடங்களில்தான் ஊரளவு வரம்புக்கு வலு கிடைக்கிறது.

வரம்பை மட்டுமே குறியாகக் கொள்வதில் மற்றொரு சிக்கலும் உண்டு. வரம்பு 20 என்றால் 21 காட்டும் கருவியைச் சுற்றி எல்லா முயற்சியும் குவியும். 19 காட்டும் இடத்தில் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். தீங்குக்கு அடிமட்டக் கோடே இல்லாதபோது, பல இலட்சம் பேர் வாழும் இடத்தில் 19-ஐ 14 ஆக்குவது, ஆளரவமற்ற சாலைச் சந்திப்பில் 21-ஐ 20 ஆக்குவதைவிடப் பல மடங்கு உயிர் காக்கும். ஐரோப்பிய ஒன்றியம் வரம்போடு நிறுத்தாமல், மக்கள் சராசரியாகச் சுவாசிக்கும் அளவையே இத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று தனிக் கடமை வைத்திருப்பதை, என் கருத்தில் மற்ற வட்டாரங்கள் முதலில் பின்பற்ற வேண்டும்.

இனி, செய்தித்தாளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது: மாசின் அளவை நிறமும் சொல்லுமாக மாற்றிக் காட்டும் காற்றுத் தரக் குறியீடு. வாசகருக்கு எளிதாகப் புரியட்டும் என்று தாங்கள் மைக்ரோகிராம் எண்ணை விட்டுவிட்டுக் குறியீட்டின் நிறத்தையும் சொல்லையும் மட்டும் தருகிறீர்கள். கனமீட்டருக்கு 58 மைக்ரோகிராம் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் 31 முதல் 60 வரை ‘திருப்திகரம்’. சீனா 2012-இல் வகுத்த குறியீட்டில் 75 வரை இரண்டாம் படி. அதுவும் நல்ல காற்று என்றே பெயர் பெறும். 2024-இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் குறியீட்டில் 55.5-க்கு மேல் ‘உடல்நலத்துக்குக் கேடு’, அதுவும் நோயாளிகளுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும். ஒரே காற்றுக்கு இத்தனை பெயர். ஒரு கைப்பேசிச் செயலி அமெரிக்கக் குறியீட்டையும், இன்னொன்று உள்நாட்டுக் குறியீட்டையும் காட்ட, இரண்டையும் பார்த்த வாசகர் குழம்பி, கடைசியில் இரண்டையுமே நம்பாமல் போவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

உலக மக்களில் 99 சதவீதம் பேர் வழிகாட்டுதலைத் தாண்டிய காற்றையே சுவாசிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. அப்படியானால் நாள்தோறும் 5-ஐயும் 15-ஐயும் நினைவூட்டி என்ன பயன், மக்களை அச்சுறுத்துவதாகாதா என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வறண்ட நிலப்பகுதிகளில் இயற்கைத் தூசியே அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதும் உண்மை. ஆனால் வாசகர் தம் ஊரின் எண்ணையும் இலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான், போன ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை மைக்ரோகிராம் குறைந்தது என்று கேட்கத் தொடங்குவார். ‘திருப்திகரம்’ என்ற சொல்லைப் பார்ப்பவருக்குக் கேட்க எதுவும் இருக்காது.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. காற்றுத் தரச் செய்தி எதுவானாலும் கனமீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதை அச்சிடுங்கள். அது ஒரு மணி நேர அளவா, 24 மணி நேரச் சராசரியா, ஆண்டுச் சராசரியா என்பதை அதே வரியில் சொல்லுங்கள். ‘வரம்பு’ என்று எழுதும் இடத்தில் எந்த நாட்டின் எந்த ஆண்டு வரம்பு என்பதைச் சேர்த்து, பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணையும் கொடுங்கள். நாட்கள் நீக்கப்பட்ட ஆண்டுக் கணக்காக இருந்தால் எத்தனை நாட்கள், எதன் பொருட்டு நீக்கப்பட்டன என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி கூடுதலாகும்; அவ்வளவே. ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை மட்டும், எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்